பானைக்குக் கட்டிய பூ இஞ்சி

நான் கை வைத்து வராமல் போன செடி கிடையாது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. சமையலில் என்னைத் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. கோலம் எனக்குக் கடைசிவரை கோணல்தான். தையல் மெஷினைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஆனால் மண்ணும் கிழங்கும் என் பேச்சைக் கேட்கும்.

அறுபதுகளில் நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். ஐப்பசி மாதத்துச் சாயங்காலங்களில் எங்கள் தெருவில் நடந்து போகிறவர்கள் வேலியோரம் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் போவார்கள். அது பூ இஞ்சியின் வாசனை. மார்பளவு உயரத்துக்குத் தண்டு, இரண்டு பக்கமும் நீள நீளமாக இலை, நுனியில் வெள்ளை வெளேரென்று பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி பூ. பொழுது சாயும்போதுதான் விரியும். சமையல் இஞ்சிக்கு இது பெரியப்பா வீட்டுப் பிள்ளை மாதிரி. முகச்சாடை உண்டு, குணம் வேறு. எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி என்னிடம் நடுவதற்கென்று ஒரு துண்டு கிழங்கு வாங்கிப்போய், துவையல் அரைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பவுடர் டப்பாவ முழுங்கின மாதிரி கீது" என்று வந்து நின்றாள். அவளுக்கு மறுபடி நான் கிழங்கு கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் பூவைக் கொடுத்தேன்.

எப்படி வளர்க்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது சுருக்கம்தான். ஆழமாகப் புதைக்காதே, கிழங்கின் முதுகு வெளியே தெரியட்டும். காலை வெயில் போதும், மத்தியான வெயிலைக் காட்டாதே. வேர் எப்போதும் ஈரத்தில் இருக்கட்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. ஒரு தண்டு ஒரே தடவைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் இரக்கம் பார்க்காமல் அடியோடு வெட்டு, அடுத்தது வரும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் இந்தச் செடி எனக்கு வாய்த்த கதை இவ்வளவு சுருக்கம் இல்லை. இந்தக் கிழங்கை வைத்துத்தான் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பந்தயம் கட்டினோம். அதில் பணயமாக இருந்தது நான் எந்த ஊரில் வாழ்வது என்பது.

என் அப்பாவுக்குப் பூர்விகம் கோலியனூர்ப் பக்கம். சின்ன வயதிலேயே வேலை தேடி மலைக்குப் போனவர், குன்னூரில் ஒரு பங்களாத் தோட்டத்துக்கு மேஸ்திரி ஆனார். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். பங்களாவின் பின்னால், வாய்க்கால் ஓரமாக, அப்பா பூ இஞ்சி வகைகளாகவே வைத்திருந்தார். ஒன்று வெள்ளைப் பூ, ஒன்று சிவப்புக் கூம்பு, ஒன்றுக்கு இலையில் மஞ்சள் கோடு. மூடுபனி இறங்கும் சாயங்காலங்களில் அந்த வெள்ளைப் பூ வாசனை வீட்டுக்குள் வந்து போர்வையில் ஒட்டிக்கொள்ளும். அதை விட்டுவிட்டு எங்கேயும் போவேன் என்று நான் நினைத்ததில்லை.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை விழுப்புரம். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்காவின் ஒரே மகன், சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அதனால் மாமியார் எனக்கு அத்தை முறை. அத்தைக்கு வீட்டுக்காரர் இல்லை. கோலியனூரில் கொஞ்சம் நிலம். ஒரு போகம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை; ஒரு போகம் கேப்பை. மகன் உத்தியோகத்துக்காக விழுப்புரத்தில் வீடு எடுத்து, அத்தை நிலத்துக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

புறப்படும்போது வெள்ளைப் பூ இஞ்சிக் கிழங்கு ஒரு கையளவு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். மலை ரயில், பெரிய ரயில், மறுபடி சின்ன ரயில் என்று மாறி மாறி விழுப்புரம் ஜங்ஷனில் வந்து இறங்கியபோது வைகாசி மத்தியானம். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. காற்று அடித்தது, அதுவும் சூடு. இந்த ஊரில் மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சிரித்தார்.

வீட்டில் அத்தை பெட்டியைத் திறந்தார். நல்ல பட்டுப் புடவையின் ஓரம் சேற்றுக் கறை.

"இன்னாடி இது, இஞ்சியக் கட்டிக்கினு வந்துருக்க? நம்மூரு சந்தையில இஞ்சி கெடைக்காதுன்னு உங்கப்பன் சொன்னானா?"

"இது சமையலுக்கு இல்ல அத்தை. பூவுக்கு."

"பூவுக்கா?" அத்தை கிழங்கை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "பூவுக்குன்னா மல்லிப் பதியன் எடுத்தாந்துருக்கலாம். தலையில வைக்கவாச்சும் ஆவும்."

அன்று சாயங்காலமே சண்டை. எனக்கும் அத்தைக்கும் இல்லை, எனக்கும் அவருக்கும். குன்னூரிலும் அவருடைய ஆபீஸுக்கு ஒரு கிளை உண்டு. கேட்டால் மாற்றல் கிடைக்கும் என்று கல்யாணப் பேச்சிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். முற்றத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தவரிடம், இந்த ஊரில் என்னால் இருக்க முடியாது, மனு போடுங்கள் என்றேன்.

"வந்து ஒரு நாளு ஆவல, அதுக்குள்ள பேஜாரு பண்றியே" என்றார்.

"இங்க செடி கூட உயிரோட இருக்காது. அப்புறம் நான் எப்படி இருக்கிறது?"

அவர் விசிறியால் அந்தச் சாக்கு மூட்டையைக் காட்டினார். "சரி, அதையே வச்சிப் பாப்போம். இந்தக் கெழங்கு இங்க பூத்துச்சுன்னா நீ குன்னூரு பேச்சே எடுக்கக் கூடாது. காஞ்சு போச்சுன்னா நானே மனு போட்டு ஒன்ன இட்டுக்கினு போறேன். வர்ற தீபாவளி வேணாம், செடிக்கும் டைம் குடுக்கணும் இல்ல. அதுக்கடுத்த தீபாவளி வரைக்கும் கெடு."

நான் உடனே ஒத்துக்கொண்டேன். இந்த அடுப்பில் பூ இஞ்சி பூக்குமா? எனக்குக் கவலையே இல்லை.

சமையலறை வாசலில் அத்தை கேட்டுக்கொண்டு நின்றது பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "எனக்கு அந்தக் குளுரு ஆவாதுப்பா. நெலத்தையும் வுட்டுட்டு வர முடியாது." இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சோறு ஆறிப்போகிறது என்பது போலச் சொன்னார். ஆனால் அன்றைக்கே எங்கள் மூன்று பேருக்கும் விஷயம் தெளிவாகிவிட்டது. செடி பிழைத்தால் மகன் அத்தையோடு. செடி செத்தால் நான் மலையில், மகனும் என்னோடு, அத்தை தனியாக.

மறுநாள் அத்தை என்னைக் கேட்காமலே கிழங்கை நட்டார். நல்ல வெயில் விழும் முற்றத்து நடுவில், மிளகாய்ச் செடி இருந்த பாத்தியில், சமையல் இஞ்சிக்குச் செய்வது போல முழங்கை ஆழத்துக்குக் குழி, மேலே மேடாக மண் அணைப்பு, அதன் மேல் அடுப்புச் சாம்பல். ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். எங்கள் வீட்டுக் கிணறு கொஞ்சம் உப்பு. ஒவ்வொன்றும் தப்பு. நான் தூணில் சாய்ந்து நின்று பார்த்தேன். அத்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. எனக்கும் அதுதான் வசதி.

எப்படியோ முளை வந்தது. வந்த இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது. அத்தை அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கூடை சாம்பல் கொட்டினார். மறுவாரம் எங்கிருந்தோ ஆட்டுப் புழுக்கை கொண்டுவந்து போட்டார். தினமும் காலையில் அந்த மேட்டின் முன்னால் குனிந்து, "எழுந்துக்கோ, எழுந்துக்கோ" என்று முணுமுணுப்பார். ஊரில் யார் எந்த உரம் சொன்னாலும் அந்தச் செடிக்கு அன்றைக்கே அது கிடைத்துவிடும்.

என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு அது சாக வேண்டும், வாஸ்தவம்தான். ஆனால் இப்படிச் சாகக் கூடாது. தானாக, வெயிலில், கௌரவமாகக் காய்ந்து போனால் சரி. சாம்பலுக்குள் மூச்சு முட்டி, உப்புத் தண்ணீர் குடித்துக் கருகுவதைத் தினமும் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, அரிசி புடைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆனி முழுக்க இருந்தேன்.

ஆடியில் ஒரு நாள் அத்தை மல்லாட்டைக்குக் களை எடுக்கக் கோலியனூர் போனார். அவர் தெரு திரும்பியதும் கடப்பாரையை எடுத்தேன். கிழங்கைத் தோண்டி, அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் குளியலறைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தேன். அங்கே முருங்கை நிழல் உண்டு, குளித்த தண்ணீர் வழிந்து போகிற இடம். மண்ணில் மக்கிய இலை கலந்து, கிழங்கின் முதுகு தெரிய நட்டேன். இது பிழைக்கத்தான் பிழைக்கும், பூக்கவா போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பந்தயம் பூவுக்குத்தானே.

சாயங்காலம் அத்தை வந்து வெறும் பாத்தியைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் வந்தார்.

"இங்க ஏன்டி மாத்தன?"

"வெயில் ஆகாது அத்தை இதுக்கு. உப்புத் தண்ணியும் ஆகாது."

அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாளிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் அந்தச் சுவர் ஓரத்துக்குப் போயிற்று. சாம்பலைத் தொடவில்லை.

மழைக்காலத்தில் செடி எழுந்தது. எழுந்தது என்றால் சும்மா இல்லை. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தண்டு விட்டு, கார்த்திகை முடிவதற்குள் என் இடுப்பைத் தாண்டிவிட்டது. பூ இல்லை, முதல் வருஷம் பூக்காது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே அதைச் சுற்றி வந்து, "உனுக்குக் குன்னூரு இல்லடியம்மா" என்று பாட்டு மாதிரி இழுப்பார். நான் முறைப்பேன். உள்ளுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அப்பா வீட்டு வாய்க்கால் ஓரத்துக்கு ஏங்கினாள். இன்னொருத்தி விழுப்புரத்தில் நின்றுகொண்டு, நான் வைத்தால் எங்கே வேண்டுமானாலும் வரும் பார் என்று மார்தட்டினாள். இரண்டு பேருமே நான்தான். ஒருத்தியையும் வாயை மூடச் சொல்ல முடியவில்லை.

பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் இலையோடு, கிழங்கோடு கட்டுவது வழக்கம். எல்லோரும் சந்தையில் வாங்குவார்கள். நான் வாசலில் என் கோணல் கோலத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். அத்தை பின்பக்கத்திலிருந்து கை நிறையப் பச்சையாக எதையோ அணைத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் இலை என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே வந்ததும் வாசனை சொல்லிவிட்டது.

தூர் முழுவதையும் பிடுங்கியிருந்தார். வேரிலிருந்து மண் உதிர்ந்து என் கோலத்தில் விழுந்தது.

அத்தை முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "இன்னாத்துக்குக் கடையில வாங்கணும்? நம்ம வீட்ல வெளஞ்சது இருக்கச் சொல்ல. பானையில கட்டன கொத்த எடுத்து நட்டா அது வீட்ட வுட்டுப் போவாதுடி. எங்க மாமியா காலத்துலருந்து மஞ்சள அப்படித்தான் நடறோம். வேண்டிக்கினேன்."

மஞ்சள் தை மாதம் முற்றி நிற்கும். பானைச் சூடு பட்டாலும் மறுபடி நட்டால் முளைக்கும். இது இன்னும் முற்றாத இளங்கிழங்கு. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை பானையில் வைத்து இறுக்கக் கட்டிவிட்டார். மூன்று செங்கல், அதன் நடுவே பனை ஓலையும் மல்லாட்டைக் கொடியும் வைத்து எரித்த தீ. பால் பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று அத்தையும் அவரும் கூவினார்கள். நான் இலை சுருள்வதையும் கிழங்கிலிருந்து நீர் சுண்டிச் சொட்டுவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காணும் பொங்கல் முடிந்து அத்தை கொத்தை அவிழ்த்து அதே இடத்தில் நட்டார். நட்டது நட்டபடி தண்டு சரிந்தது. நான் ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறினேன். உள்ளே பழுப்பு. வெந்துபோயிருந்தது.

"செத்துப் போச்சு அத்தை" என்றேன்.

அத்தை கிழங்கை வாங்கி அவரும் கீறிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துக் கீறினார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் நானே சொன்னேன். அவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சரி. நீ ஜெயிச்சிட்ட. நான் பேச்சு மாற மாட்டேன். இந்த மாசத்துக்குள்ள மனு போட்டுர்றேன்" என்றார். குரலில் கேலி இல்லை. அத்தை அன்று ராச்சாப்பாடு சாப்பிடவில்லை. பசி இல்லை என்றார்.

குதித்திருக்க வேண்டியவள் நான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மறுநாள் வெந்த கிழங்கையெல்லாம் பொறுக்கி எடுத்து எறியலாம் என்று பின்பக்கம் போனேன். குழிமேல் யாரோ மண்ணைத் தட்டி மூடியிருந்தார்கள். கோழி கிளறாமல் இருக்க அத்தை மூடியிருப்பார் என்று நினைத்துக் கையால் தோண்டினேன். பூ இஞ்சியை முழுதாகப் பிடுங்கிவிட யாராலும் முடியாது. எவ்வளவு இழுத்தாலும் ஒரு துண்டு உடைந்து மண்ணில் தங்கும். தங்கியிருந்தது. கட்டைவிரல் அளவு துண்டு, அதன் பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு முளை.

மண்ணைப் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த முளை இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். நான் தண்ணீர் ஊற்றாவிட்டால் மாசி வெயிலில் அதுவும் போய்விடும். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும், குன்னூர். ஆனால் அந்த நாட்களில் அத்தை என்ன செய்தார் தெரியுமா? மாமனாரின் பழைய கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உதறிப் போட்டார், மகனுக்குக் குளிருக்கு ஆகும் என்று. மல்லாட்டையை வறுத்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து டப்பாவில் அடைத்தார், மலையில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று. ஒரு தடவை கூட, ஜாடையாகக் கூட, போகாதே என்று என்னிடம் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாகப் புறப்பட்டிருப்பேன். அவர் சண்டைக்கு வராததுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை பக்கத்தில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்.

"மனுவுல இன்னா காரணம் எழுதறது?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் தீபாவளி வரல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "செத்த செடிக்குத் தீபாவளி வந்தா இன்னா, வராட்டி இன்னா?"

"சாகல. வாங்க காட்டறேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மண்ணை விலக்கிக் காட்டினேன். அவர் குனிந்து அந்த முளையைப் பார்த்துவிட்டு, அதே குனிந்த நிலையில் என் முகத்தைப் பார்த்தார். "ஏன்டி, நீயே உன் பந்தயத்துல மண்ணப் போட்டுக்கற?"

"தோத்தா செடியால தோக்கறேன். யாரோ தெரியாம செஞ்சதுல எனக்கு ஜெயிக்க வேணாம்."

நாங்கள் திரும்பி வந்தபோது அத்தை அரைப்பதை நிறுத்தவில்லை, தலையையும் தூக்கவில்லை. துவையல் மட்டும் அன்று மையாக அரைந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்தச் செடிக்குச் செய்ததைப் போல என் பிள்ளைகளுக்குக் கூடச் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. பங்குனியிலேயே மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினேன். குன்னூரில் அப்பா வேருக்கு மேல் காட்டுப் பெரணித் தழை பரப்புவார். இங்கே அதற்கு எங்கே போவது? மல்லாட்டைத் தோலை மூட்டையாகக் கொண்டுவரச் சொல்லி, வேப்பம் பிண்ணாக்கு தூவி, அதன் மேல் கனமாகப் பரப்பினேன். கரையான் வரவில்லை, ஈரம் நின்றது. அடியில் ஓட்டை போட்ட பானையைப் பக்கத்தில் புதைத்து அதில் குடிதண்ணீரை ஊற்றி வைத்தேன். குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாள் என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். பேசட்டும். கத்திரி வெயிலில் முருங்கையே இலை உதிர்த்தது. என் செடி ஓர் இலையைக் கூட உதிர்க்கவில்லை. மலையில் மழையும் பனியும் பாதி வேலை பார்த்துவிடும்; அங்கே வளர்ப்பது ஒரு சாமர்த்தியமா? விழுப்புரத்தில் வளர்த்துக் காட்டியபோதுதான் நான் மேஸ்திரி மகள் என்பது எனக்கே உறுதியாயிற்று.

புரட்டாசி மழைக்குப் பின் ஒரு தண்டின் நுனியில் பச்சைச் செதில் அடுக்கின கூம்பு தெரிந்தது. நான் யாருக்கும் காட்டவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் சுடத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், கிணற்றடியில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினார். காற்றை மோந்தார். "இன்னாடி வாசன இது?" என்று கேட்டுக்கொண்டே குடத்தை அப்படியே போட்டுவிட்டுச் சுவரைச் சுற்றிப் போனார். நான் கரண்டியோடு பின்னால் ஓடினேன். வெள்ளையாக ஒன்று விரிந்து, பக்கத்தில் இன்னொன்று விரிந்துகொண்டிருந்தது.

என் பந்தயம் தோற்றது. நான் முழங்கைவரை மாவோடு நின்று சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "தோத்துட்டு இந்தக் குதி குதிக்கறவள இப்பதான் பாக்கறேன்" என்றார். அன்றைக்குச் சுட்ட அதிரசம் கருகிப்போனது. அப்படியே தின்றோம்.

குன்னூர்ப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. ஏக்கம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வருஷம் ஒரு தடவை போய்வருவேன். போனால் அங்கேயும் வேலை செய்யாமல் இருக்க மாட்டேன். கோடு போட்ட இலைக்காரனையும் சிவப்புக் கூம்பையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அந்தச் சுவர் ஓரத்தை நிரப்பினேன். அத்தைக்கு அந்தக் கோட்டு இலைமேல் தனி மரியாதை. "ஜரிகை போட்டாப்ல கீது" என்பார்.

சில வருஷங்கள் கழித்து அவருக்கு மாற்றல் வந்தது. நாங்கள் கேட்காமலே வந்தது, திண்டிவனத்துக்கு. மலையும் இல்லை, குளிரும் இல்லை. வெயிலில் விழுப்புரத்துக்கு இளைத்த ஊர் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அத்தையும் எங்களோடு வந்தார். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டோம். கிழங்குக் கூடையை மட்டும் லாரிக்காரனை நம்பிக் கொடுக்க மாட்டேன் என்று அத்தை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. அவர் டீ குடிக்க இறங்கினார். நானும் அத்தையும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். வீட்டைக் காலி செய்யும்போது தூரை நான் எவ்வளவு ஜாக்கிரதையாகத் தோண்டினேன் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். "எவ்ளோ தோண்டினாலும் அத்தை, ஒரு துண்டு மண்ணுலயே தங்கியிருக்கும். அடுத்துக் குடி வர்றவங்களுக்கு முளைக்கும் பாருங்க."

"தெரியும்டி" என்றார் அத்தை. "அந்தப் பொங்கலுக்கே தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"நீ செத்துப் போச்சுன்னு சொன்னன்னிக்கு, பொழுது சாயறப்ப நான் போயி நோண்டிப் பாத்தேன். செவப்பா மொள இருந்துச்சு. மண்ணப் போட்டுத் தட்டி மூடிட்டு வந்துட்டேன்."

யாரோ தட்டி மூடியிருந்த அந்த மண் என் விரல் நுனியில் நினைவு வந்தது. கம்பளியை வெயிலில் உதறியபோதும், உருண்டை பிடித்தபோதும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுப் பேச்சே நின்றிருக்கும். மகன் போகிறான் என்று சாப்பிடாமல் படுத்தவர், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

"அப்ப ஏன் அத்தை சொல்லல?"

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே அவர் மகன் டீயை ஆற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் சொல்லியிருந்தா நீ இருந்திருப்ப. பந்தயத்துக்குக் கட்டுப்பட்டு இருந்திருப்ப. அப்படி ஒருத்தி வீட்டுல இருந்தா எனக்கு இன்னா, இல்லாங்காட்டி எனக்கு இன்னா. நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவர் வந்து ஏறினார், பஸ் கிளம்பியது. கூடையின் ஈரம் அத்தையின் புடவையில் இறங்கியிருந்தது. நான் அதை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அத்தை கொடுத்துவிட்டு, திண்டிவனம் வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினார்.